சுவரைப் பார்த்த சுரூபங்கள்

"பெருசு பண்ணாத பிள்ள" என்பதுதான் அவர் அதிகம் சொன்ன வாக்கியம். அதற்கு அடுத்தபடியாக, "நான் பாத்துக்கிடுதேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து சலசலக்க அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தூத்துக்குடிப் பக்கம் ஏதோ ஒரு கடற்கரை ஊர். சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருந்த எங்கள் கல்லூரியில் அந்தப் பேச்சு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. கேண்டீனில் யாராவது டீயைச் சிந்தினால்கூட நாங்கள் "நான் பாத்துக்கிடுதேன்" என்று இழுத்துச் சொல்லிச் சிரிப்போம்.

அவர் கன்னியாஸ்திரி. பி.காம். பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவியல் நடத்தினார். சேப்பலைப் பார்த்துக்கொள்வதும் மாணவிகளின் குறைகளைக் கேட்பதும் அவர் பொறுப்பு. கல்லூரியில் நிறைய சிஸ்டர்கள் இருந்தார்கள். ஆனால் வெறுமனே சிஸ்டர் என்று சொன்னால் அது அவர்தான். பெயரை எழுத எனக்கு மனமில்லை.

அவர் கைக்குப் போகிற எந்த விவகாரமும் சின்னதாகித்தான் வெளியே வரும். ஹாஸ்டல் குளியலறையில் நல்ல பாம்பு புகுந்தபோது, மறுநாள் காலைக்குள் அது சாரையாகி, மத்தியானத்துக்குள் ஓணான் ஆகிவிட்டது. இரண்டு கோஷ்டிகள் குடையால் அடித்துக்கொண்ட சண்டை, 'பிள்ளைங்க விளையாட்டு' என்று முடிந்தது. யார் மானமும் போகாது, யார் வீட்டுக்கும் போன் போகாது. இப்படி ஒரு மனுஷி எல்லா இடத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போதெல்லாம் நினைத்திருக்கிறேன்.

என் அத்தா அவரிடம் விழுந்தது முதல் நாளே. அத்தாவுக்கு ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல் வீடு மதுரைக்காரர்கள், எதிர்வீடு வேலூர்க்காரர்கள். பெருநாள் பிரியாணி எதிர்வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் தட்டுக்கு வரும். 'மத்தவங்க சாமியை மதிக்கத் தெரியணும்' என்பதை அத்தா ஐந்து வேளைத் தொழுகைக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். ஆனாலும் பொம்பளைப் பிள்ளையைக் கன்னியாஸ்திரி காலேஜில் சேர்ப்பதா என்று என் பெரியத்தாமார் இரண்டு பேரும் குதித்திருந்தார்கள். வளாகத்துக்குள் புர்கா கூடாது, துப்பட்டா போட்டுக்கொள்ளலாம் என்பது கல்லூரி விதி. அத்தா தயங்கியபடி அதைக் கேட்டார்.

"கேட்டுப் பக்கத்துல ஒரு அலமாரி தாறேன் பாய்" என்றார் சிஸ்டர். "வந்ததும் கழட்டி மடிச்சு வைக்கட்டும், போகையில போட்டுக்கிடட்டும். இதைப் போயி யாராவது பெருசு பண்ணுவாங்களா? உங்க பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

அலமாரி உண்மையாகவே வந்தது. வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், பூட்டுச் சாவியோடு. அன்று வீட்டுக்கு வந்த அத்தா, சிஸ்டர் பேசியதைப் பெரியத்தாமாரிடம் போனில் இரண்டு தடவை ஒப்பித்தார். இரண்டாவது தடவை தூத்துக்குடி இழுவையோடு சொல்லிப் பார்த்தார்.

முதல் வருஷம் எங்கள் வகுப்புக்கு ஒரு விரிவுரையாளர் வந்துகொண்டிருந்தார். செய்தியில் எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் என்னைப் பார்த்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார். "உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?" என்பார். வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பும். நான் என்ன சொல்வேன், எங்கள் ஆட்கள் அந்நேரம் வெங்காயம் விற்ற விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நாலைந்து தடவை பொறுத்துவிட்டு ஒருநாள் சிஸ்டரிடம் போய் அழுதேன். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். பெருசு பண்ணாதே என்றார், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த வாரமே என்னை பி செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த விரிவுரையாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகவும் தெரியவில்லை. அடுத்த வருஷம் அந்த வகுப்புக்கு ஒரு முஸ்லிம் ஜூனியர் வந்தாள். கொஞ்ச நாளில் அவளும் பி செக்‌ஷனுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அம்மா செய்த பிர்னியை டப்பாவில் எடுத்துப்போய் சிஸ்டருக்குக் கொடுத்து நன்றி சொன்னேன். விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

மத்தியான லுஹர் தொழுகைக்கு எங்களுக்கு இடம் இல்லாமல் இருந்தது. நானும் வேறு வேறு வகுப்புகளில் இருந்த இன்னும் மூன்று பேரும் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பினாயிலும் வைக்கிற மூலையில் தொழுதுகொண்டிருந்தோம். ஒருநாள் சிஸ்டர் பார்த்துவிட்டார். நாங்கள் பயந்துபோய் விரிப்பைச் சுருட்டினோம். ஒன்றும் சொல்லாமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சேப்பலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கிறிஸ்துமஸ் குடில் சாமான்களை வருஷம் முழுக்க அங்கேதான் போட்டு வைப்பார்கள். காகித நட்சத்திரங்கள், வைக்கோல், மூங்கில் தட்டி. மேற்குச் சுவரில் சிமெண்ட் பலகை ஒன்று. அதன்மேல் மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், குழந்தை இயேசு என்று சுரூபங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. நாங்கள் தொழுவதும் மேற்குப் பார்த்துத்தான். எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் போய் ஒரு பழைய நீலக் கட்டில்விரிப்போடு வந்தார். சுரூபங்களை அதனால் மூடினார்.

"உருவத்துக்கு முன்னால நின்னு தொழ உங்களுக்கு ஆகாதுல்லா" என்றார்.

அதை நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. அவராகத் தெரிந்து வைத்திருந்தார். விரிப்பு போதாமல் ஒட்டகத்தின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது நம்ம பக்கத்து ஆள்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் சமாதானம் செய்துகொண்டோம். பிறகு அவரே ஒரு துண்டைக் கொண்டுவந்து அதன் தலையிலும் போட்டார். தொழுமுன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யத் தோட்டத்துக் குழாயடியில் ஒரு கருங்கல் பலகை போடச் சொன்னார், கழுவிய காலில் மறுபடி சேறு படக்கூடாது என்று. தினமும் மத்தியானம் அவரே வந்து கதவைத் திறந்துவிடுவார். நாங்கள் தொழும்போது அந்த வழியாகப் போனால் சாவிக்கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், சத்தம் வராமல்.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். தெரிந்தால் பெரிதாகிவிடுமாம். கல்லூரி முதல்வருக்கே தெரியாது. இரண்டு வருஷத்துக்கும் மேல் அப்படி நடந்தது.

கடைசி வருஷம் எங்கள் ரமலானும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்தன. சிஸ்டர் அந்த நாற்பது நாளும் மீனைத் தொட மாட்டார். கடற்கரைக்காரருக்கு அதைவிடப் பெரிய தவம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைதான் சாப்பாடு. அன்று மத்தியானம் கதவைத் திறக்க வரும்போது, யாருக்குப் பசி அதிகம் என்று எங்களோடு போட்டி போடுவார். தண்ணீர்கூடக் குடிக்காத உங்களிடம் நான் எப்படி ஜெயிப்பேன் என்று அவரே தோற்றும் போவார். நெத்திலிக் கருவாட்டைப் பற்றி நோன்பு வாயோடு இருக்கிற எங்களிடம் அவர் பேசியது கொஞ்சம் அநியாயம்தான். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. அதை இப்போதும் இல்லையென்று சொல்ல முடியாது.

குருத்து ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. சேப்பல் துணிகளை எல்லாம் வெளுக்க எடுத்துப் போனவர்கள் எங்கள் நீல விரிப்பையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். அன்று சிஸ்டர் கதவைத் திறந்தால் மாதாவும் சூசையப்பரும் ராஜாக்களும் எங்களைப் பார்த்து நிற்கிறார்கள். இன்றைக்கு வேண்டாம், வகுப்பிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு சுரூபமாகத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். குழந்தை இயேசுவை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பினார்.

"கொஞ்ச நேரந்தான. கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றார்.

முடிந்ததும் வந்து பழையபடி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் தவக்கால ஊதாத் துணி தேடி வந்த ஒரு மாணவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். நாங்கள் நெற்றி தரையில் பட சுஜூதில் இருக்கிறோம், எங்களுக்கு எதிரே சுரூபங்கள் முதுகைக் காட்டி நிற்கின்றன. அதை அவள் போனில் எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் பக்கத்து மாதா கோயில் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. குழந்தை இயேசுவையே மூலையில் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மறுநாள் காலை நான் புர்காவை மடித்து வைக்கும்போது சிஸ்டர் அலமாரிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். பங்கு ஆட்கள் முதல்வர் அறையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

"நாலு பேர்ல நீதான் தைரியசாலி. அதான் உங்கிட்டச் சொல்லுதேன்" என்றார். "திருப்பினது நான்னு தெரிஞ்சா விஷயம் எங்க சபை மேலிடம் வரைக்கும் போயிரும் பிள்ள. இனிமே உங்களுக்கு ஒருத்தரும் ஒரு கதவையும் திறக்க மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்க தெரியாமச் செஞ்சதுன்னா மன்னிச்சு விட்டுருவாங்க. நீங்களே திருப்பினோம்னு சொல்லிரு. உங்க அத்தாகிட்ட நானே வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்லுதேன்."

நான் நோன்பு வைத்திருக்கிறேன், நோன்பு வாயால் எப்படிப் பொய் சொல்வது என்று கேட்டேன்.

"நானும் தவக்காலத்துலதான் இருக்கேன். அந்தப் பாவத்த நான் ஏத்துக்கிடுதேன்" என்றார்.

முதல்வர் அறையில் பங்கு ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். கத்துவார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் கத்தவில்லை. வயதான ஒருவர் கண் கலங்கியிருந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் சொன்னேன். கதவு திறந்து கிடந்தது, நாங்கள்தான் திருப்பி வைத்தோம், தெரியாமல் செய்துவிட்டோம் என்றேன். முதல்வர் சிஸ்டர் பக்கம் திரும்பி, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார். சிஸ்டர் ஜன்னலோரமாக நின்றிருந்தார். சாவிக்கொத்து அவர் உள்ளங்கைக்குள் இருந்தது.

"பிள்ளைங்க எங்கிட்டக் கேட்டிருந்தா நான் வேற இடம் குடுத்திருப்பேன்" என்றார்.

அந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் என்று ஒரு வார்த்தையைக்கூடப் பிடிக்க முடியாது.

என்னோடு தொழுத மற்ற மூன்று பேரைக் கண்டித்து அனுப்பினார்கள். செய்ததாகச் சொன்னவள் நான் என்பதால் என் அத்தாவை வரவழைத்தார்கள். ஃபேக்டரி யூனிஃபார்மோடு வந்தார். அந்தப் பங்கு ஆட்கள் முன்னால் நின்று கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். வயதானவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் அங்கேயேதான் நின்றார். கேட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பின்னாலேயே வந்து அத்தாவைக் கூப்பிடுவார் என்று. என் முகத்தைப் பார்த்த வாட்ச்மேன் அண்ணன்தான் பக்கத்தில் வந்தார்.

"இன்னா பாப்பா, நீயா சாமிய திருப்பி வச்ச? நீ அப்டிப்பட்ட பொண்ணு கெடையாதே. இதுல இன்னாவோ கீது" என்றார்.

அன்று எனக்காக வாயைத் திறந்தது அவர் ஒருவர்தான்.

அத்தா என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. மத்தவங்க சாமியைத் திருப்பி வைக்கவா உன்னை அனுப்பினேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தேர்வு எழுத மட்டும் வரலாம் என்று கல்லூரியில் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அந்த இடத்தை மிதிக்க நமக்கு முகம் இல்லை என்று சொல்லி டி.சி. வாங்கிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன், சிஸ்டர் வந்து சொல்வார் என்பதால். ரமலான் முடியும் வரை காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் அவர்தான் என்று ஓடினேன். பெருநாள் வந்தது, போனது. போன் செய்தேன். முதல் தடவை எடுத்தார். கொஞ்சம் ஆறட்டும் பிள்ள என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மே மாதம் பழைய முதல்வருக்கு மாற்றல் ஆகி, சிஸ்டரை முதல்வராக்கினார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள்.

பொறுக்க முடியாமல் அம்மாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததற்கு அந்தம்மா மேல் ஏன் பழி போடுகிறாய் என்றாள் அம்மா. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் என் வாயாலேயே சொன்னவள் நான். பட்டத்தை அஞ்சல் வழியில் முடித்தேன். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் ஆபீஸில் வேலை. அத்தா என்னோடு நன்றாகத்தான் பேசுவார். ஆனால் எதிர்வீட்டுக்காரர்கள் கொலு வைத்து எங்களைக் கூப்பிட்டால் தங்கை சஃபியாவை மட்டும் அனுப்புவார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படியே மூன்று வருஷம் போனது. இந்த வருஷம் சஃபியா பிளஸ் டூ முடித்தாள். அத்தா அதே கல்லூரிதான் என்று நின்றார். அக்கா செய்த காரியத்துக்கு போலீஸுக்குப் போகாமல் விட்டவர்கள், அங்கே சிஸ்டர் இருக்கிறார் என்றார். நானும் வருகிறேன் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

முதல்வர் நாற்காலியில் சிஸ்டர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை, அதை இப்போது வேறு யாரோ சுமக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அத்தா உட்காராமல் நின்றபடியே, பழசை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, பெரியவள் தெரியாமல் செய்துவிட்டாள் என்று மறுபடியும் கை கூப்பினார்.

"அத நான் அப்பமே மன்னிச்சுட்டேன் பாய். சின்னப் பிள்ளதான" என்று சொல்லி என் தலையை வருட வந்தார்.

நான் தலையை விலக்கிக்கொண்டேன். என்னை மன்னிக்க இவர் யார் என்று இருந்தது.

"சுரூபத்தைத் திருப்பினது நீங்க, சிஸ்டர்" என்றேன்.

அத்தா என் கையைப் பிடித்து இழுத்தார். சஃபியா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை இயேசுவை இரண்டு கையால் தூக்கியபோது இருந்த அதே முகம். இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நின்றேன். அவர் மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சஃபியாவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அத்தாவிடம் நீட்டினார்.

"சின்னவளப் பத்திக் கவலப்படாதீங்க பாய். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

வெளியே வந்தோம். சஃபியாவுக்கு வாட்ச்மேன் அண்ணன் புர்கா வைக்கும் அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தா வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். அவர் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவர். ஒன்றைக் கையில் எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார்.

"அவங்க இல்லைன்னு சொல்லலையேம்மா" என்றார்.

"இல்லத்தா."

"நீ செய்யலையா?"

"நான் செய்யலத்தா."

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். என் தோளைத் தொட வந்த கை பாதியில் நின்றது. அந்த மூன்று வருஷத்தில் நான் வேண்டிய துஆக்களில் பாதி இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். அத்தா கையில் இருந்த விண்ணப்பத்தை ஒரு தடவை பார்த்தார், அலமாரி பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த சஃபியாவை ஒரு தடவை பார்த்தார்.

"சரிம்மா. சின்னவளுக்கு சீட் கிடைச்சிருச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "இதைப் பெருசு பண்ண வேணாம்."

ஆவடி பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறினோம். அத்தா எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக் கொடுத்தார்.